போன் வேண்டாம், பஸ் ஏறி வா

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ பேசிவிட்டுப் போனை வைத்ததிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. கல்யாணத்துக்கு லீவு கம்மி, பத்திரிகையைத் தபாலில் அனுப்பிவிடுங்கள், சொந்தபந்தத்தையெல்லாம் பெங்களூரிலிருந்தே போனில் அழைத்துவிடுகிறேன் என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாய்! அதோடு விட்டாயா? "மாமனுக்கும் போன்லயே சொல்லிர்றேம்மா. அவங்க தோட்டத்துக்குத்தான் லைன் வந்திருச்சல்ல" என்றாய். நான் "ம்" என்றேன். அது சம்மதம் சொன்ன "ம்" இல்லை. உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற மாதிரி காதை இந்தப் பக்கம் வைத்திருந்தார். அவர் எதிரில் பேச முடியாததால்தான் இப்போது எழுதுகிறேன். நிதானமாகப் படி. ஆபீசில் கம்ப்யூட்டருக்கு முன்னால் வைத்துக்கொண்டு மேலோட்டமாகப் பார்க்காதே.

காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாதி ஆயுசை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் கழித்தவள், ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்தவள் சொல்கிறேன். உன் மாமனுக்குப் போன் பண்ணாதே. மற்றவர்கள் வருத்தப்பட்டால் நான் போய்ச் சமாளித்துக்கொள்வேன். மாமன் வராவிட்டால் என்னால் எதையும் சமாளிக்க முடியாது. உன்னைக் கைப்பிடித்து மணமேடைக்குக் கூட்டிப்போக வேண்டிய ஆள் அவர். சித்தப்பா ஒருவரை நிறுத்தி ஒப்பேற்றிவிடலாம் என்று உனக்குத் தோன்றும், எனக்குத் தோன்றாது. என் கூடப் பிறந்த அண்ணன் அவர் ஒருத்தர்தான். அந்த மேடையில் அவர் இல்லை என்றால் நான் சிரித்துக்கொண்டு நிற்பேன், ஆனால் அது சிரிப்பாக இருக்காது.

அப்பாவுக்கும் மாமனுக்கும் ஏதோ நிலத் தகராறு என்றுதான் உனக்குத் தெரியும். அப்போது நீ ஹாஸ்டலில் இருந்தாய். படிக்கிற பையனுக்கு எதற்கு என்று நாங்கள் சொல்லவில்லை. அப்புறம் சொல்லச் சந்தர்ப்பமும் வரவில்லை. உனக்குத் தெரிந்தது பாதிதான், அதுவும் தப்பான பாதி.

நீ சின்னப் பையனாக இருந்தபோது நம் வீட்டில் நடந்த சண்டைகளில் முக்கால்வாசி ரோட்டைத் தோண்டுவது பற்றித்தான், ஞாபகம் இருக்கிறதா? அப்பா ரோடு போடுகிற இலாகா, நான் போன் இலாகா. அவர் போட்ட தார் காய்வதற்குள் கேபிள் பதிக்க எங்கள் ஆட்கள் கடப்பாரையோடு வந்து நின்றுவிடுவார்கள். சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பிப்பார். "உங்க ஆளுங்களுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? நேத்துத்தான் போட்டேன் அந்த ரோட்டை!" நான் மட்டும் சும்மா இருப்பேனா? "ரோடு போடப் போறோம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா முன்னாடியே பதிச்சிருப்பாங்க. எங்க ஆபீசுல என்ன சோசியமா பாக்கறாங்க?" என்பேன். நீ தட்டைத் தூக்கிக்கொண்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்துகொள்வாய்.

ஒரு நாள் அவருக்கு என்ன தோன்றியதோ, சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து ஜில்லா மேப்பைச் சாப்பாட்டு மேஜையில் விரித்தார். "சரி, சண்டை போட்டது போதும். உங்க ஆபீசுல எந்தெந்த ஊருக்கு லைன் கேட்டுக் காத்துக்கிட்டிருக்காங்க, சொல்லு" என்றார். நான் சொல்லச் சொல்ல அவர் பென்சிலால் புள்ளி வைத்தார். கருமத்தம்பட்டியில் தறி ஓட்டுகிறவர்கள் பம்பாய்க்கு ட்ரங்க் கால் புக் பண்ணிவிட்டு நாள் முழுக்கக் காத்துக்கிடந்தார்கள். பொள்ளாச்சிப் பக்கம் கொப்பரை விலை ஊர் வந்து சேர்வதற்குள் சரக்கை வந்த விலைக்குத் தள்ளிவிட்டிருப்பார்கள். அவர் தன் பங்குக்கு, பஸ் போகாத ஊர்களுக்கு வட்டம் போட்டார். பக்கத்து ஊருக்குப் போக வேண்டுமென்றாலும் டவுனுக்கு வந்து பஸ் மாறிப் போகிற ஊர்கள். பார்த்தால், புள்ளியும் வட்டமும் பெரும்பாலும் ஒரே இடத்தில் விழுந்திருந்தன. "அட, ரோடும் இல்லை, போனும் இல்லை. ஒரே குழி தோண்டினா ரெண்டு வேலையும் முடியுமே!" என்று அவர் குதித்த குதி இருக்கிறதே, உன் பிளஸ் டூ மார்க் வந்தபோதுகூட அப்படிக் குதிக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே, உண்மையைச் சொல்கிறேன்.

அந்த மேப்புதான் பிற்பாடு கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போயிற்று. ஊர்களைக் குறுக்கே இணைக்கிற ரோடுகள், தார் ஊற்றுவதற்கு முன்னால் ஓரத்தில் கேபிள், ரோடு முடிந்த கையோடு பஸ். இந்த மூன்றையும் ஒரே திட்டமாகப் போட வேண்டும் என்று இரண்டு இலாகாவையும் ஒரே மேஜையில் உட்கார வைக்க அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. கடைசியில் சோதனைக்கு ஒரு ரோடு போட்டுப் பார்க்கலாம் என்று அனுமதி கிடைத்தது. அது பொள்ளாச்சிக்குக் கிழக்கே உன் மாமன் ஊர் வழியாகப் போகிற ரோடு. அந்தப் பக்கம் பெண் பிள்ளைகள் எட்டாவதோடு நின்றுவிடுவார்கள். அதற்கு மேல் படிக்க வேண்டுமானால் சேற்று வரப்பில் நடந்து போய் பஸ் பிடிக்க வேண்டும். அதனால்தான் அவர் அந்த ரோட்டை முதலில் எடுத்தார். மச்சான் ஊர் என்பதற்காக இல்லை.

கோடு எப்படிப் போட்டாலும் யாராவது ஒருவர் காடு தோட்டத்தில் விழத்தான் செய்யும். வடக்கே போட்டால் சின்னச் சின்ன வீடுகள் போகும். தெற்கே வாய்க்கால். நடுவில் போட்டால் உன் மாமன் தோப்பில் மேற்கு வரிசைத் தென்னை மட்டும் போகும். சரியான கோடு அதுதான், இன்றைக்குக் கேட்டாலும் நான் அதைத்தான் சொல்வேன். "மச்சான்தானே, கேட்டாக் குடுத்துருவாரு" என்றார் அப்பா. எனக்கும் அதில் சந்தேகமே இல்லை. மாமன் கொடுத்திருப்பார், இலவசமாகவே கொடுத்திருப்பார்.

உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா? போன் பண்ணினார்.

அப்போது அந்த ஊரில் இருந்தது ஒரே ஒரு போன். கொப்பரைக் களத்துக்காரர் வைத்திருந்தார். அங்கே கூப்பிட்டு, மச்சானை வரச்சொல்லுங்கள் என்று ஆள் விட்டார். அது களத்தில் ஆட்கள் தேங்காய் உடைக்கிற நேரம், வியாபாரிகள் எடை போடுகிற நேரம். லைன் கரகரவென்று இருந்தது. அப்பா இங்கிருந்து கத்தினார், "மச்சான், ரோடு உங்க தோப்பு வழியா வருதுங்க! மேக்கு வரிசை போகுமுங்க! ஆபீசுல இருந்து ஆள் வருவாங்க, கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க!" அண்ணன் அங்கிருந்து கத்தியது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. "தோப்பா? என்ற தோப்பா? மேக்கு வரிசையா?" அப்புறம் மெதுவாக, "சரிங்க" என்றார். உன் அப்பா போனை வைத்துவிட்டு, "பாத்தியா, மச்சான் ஒரே வார்த்தையில ஒத்துக்கிட்டாரு" என்று டீ கேட்டார். நானும் போட்டுக் கொடுத்தேன்.

நம் பக்கத்தில் எதைப் போனில் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும். சாவுச் செய்தி சொல்லலாம், அதற்கு வேறு வழியில்லை. தேங்காய் விலை சொல்லலாம். பஸ் வரவில்லை, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லலாம். ஆனால் கல்யாணம் என்றாலும் காடு என்றாலும் வீட்டுக்கு வரவேண்டும். வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, சொம்பில் தண்ணீர் வாங்கிக் குடித்து, உங்கள் பக்கம் மழை உண்டா என்று கேட்டு, அப்புறம்தான் வந்த சேதியைச் சொல்லவேண்டும். ஒருத்தரிடமிருந்து ஒன்றை வாங்கப் போகிறோம் என்றால் அவர் வீட்டில் அவர் கண்ணைப் பார்த்துக் கேட்க வேண்டும் என்பதுதான் அதன் அர்த்தம். மச்சான் என்ற உரிமையில் உன் அப்பாவுக்கு அது மறந்துபோயிற்று. வேற்று ஆளாக இருந்திருந்தால் பைலைத் தூக்கிக்கொண்டு நேரில் போயிருப்பார். நெருங்கினவர்களிடம்தான் நாம் மரியாதையை மிச்சம் பிடிக்கிறோம் கண்ணு. வரப்போகிற பெண்ணிடம் நீ அப்படி இருந்துவிடாதே.

அன்றைக்குச் சாயங்காலமே தேங்காய் உடைக்கிற பெண் ஒருத்தி உன் அத்தையிடம், "ஏனுங்க, உங்க தோப்பு ரோட்டுக்குப் போகுதாமே?" என்று கேட்டிருக்கிறாள். மாமன் வீடு திரும்புவதற்கு முன்பே அவர் பெண்டாட்டிக்குச் சேதி ஊரார் வழியாக வந்துவிட்டது. அதற்கப்புறம் ஆபீஸ் ஆள் காகிதத்தோடு போனபோது, மாமன் அவருக்கு மோர் கொடுத்து, மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிட்டார். ரோடு இரண்டு பக்கமிருந்தும் வந்து தோப்புக்கு முன்னால் அப்படியே நின்றுபோனது.

நான் ஓடினேன். "மரம் போனாப் போகுது அம்மணி, வெச்சா வளருது" என்றார் அண்ணன். "களத்துல அத்தனை பேர்த்துக்கு மத்தியில நின்னுட்டு என்ற காடு போற சேதிய நான் கேக்கோணுமா? பஸ் ஏறி ஒரு எட்டு வந்து சொல்லியிருந்தா, நானே வெட்டிப்போட்டு எடத்தைக் குடுத்திருப்பனே!" பஸ் இல்லாததால்தானே அண்ணா ரோடே போடுகிறார்கள் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது, முழுங்கிவிட்டேன். இங்கே வந்து அப்பாவிடம் சொன்னால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம். "ஒவ்வொருத்தர் ஊட்லயும் உக்காந்து மோர் குடிச்சிட்டிருந்தா ரோடு எப்ப போடறது?" என்றார். இரண்டு பேரையும் ஒரு அறையில் போட்டுப் பூட்டினால் தேவலை என்று இருந்தது எனக்கு.

அந்த வருஷம் மழை நல்ல மழை. பஸ் தோப்புக்கு இந்தப் பக்கம் வரை வந்து நின்றுவிடும். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மாமன் தோப்புக்குள் புகுந்து சேற்றில் நடந்து போவார்கள். அவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு நாள் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், தாலுகா ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டார். எனக்கு ஆனந்தமான ஆனந்தம். நன்றி சொல்லலாம் என்று போனேன். அவர் முகம் கொடுக்கவில்லை. "ரோட்டுக்குக் குடுத்தேன் அம்மணி. உன்ற ஊட்டுக்காரருக்குக் குடுக்கலை" என்றார்.

அதோடு நம் வீட்டுப் படி ஏறுவதை நிறுத்திவிட்டார். பொங்கலுக்கு நான் மட்டும் போய் வருவேன். கல்யாணங்களில் இருவரும் எதிரெதிரே பார்த்துக்கொண்டால் "வாங்க" என்பார் அவர், "வரணுங்க" என்பார் இவர். நம் பக்கத்தில் எதிரிக்கும் "வாங்க" உண்டல்லவா, அது குறையவில்லை. அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது.

உன் அப்பாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அநியாயம். வாயால் அவர் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அதற்கப்புறம் போட்ட ஒவ்வொரு ரோட்டுக்கும், கல் நடுவதற்கு முன்னால் வீடு வீடாகப் போனார். கூடவே எங்கள் இலாகாவின் கேபிள் ஆளையும் இழுத்துக்கொண்டு போவார். "சார் ரோடு அளக்கப் போறாரா, பொண்ணு பாக்கப் போறாரா?" என்று அவர் கீழே இருந்த பையன்கள் கேலி செய்வார்கள். அந்தியூர்ப் பக்கம் மாற்றலாகியிருந்தபோது ஒரு விவசாயி ஆத்திரத்தில் நாயை அவிழ்த்துவிட்டாராம். இவர் மறுநாள் நாய்க்குப் பொறை ரொட்டி வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். மூன்றாம் தரம் போனபோது நாய் வாலை ஆட்டியதாம், நிலமும் கிடைத்ததாம். கண்ட வீட்டிலெல்லாம் மோர் குடித்துக் குடித்து வருஷம் முழுக்கச் சளியோடுதான் வீட்டுக்கு வருவார். இப்படி ஜில்லா முழுக்கப் போன மனுஷன் என் அண்ணன் வீட்டுக்கு மட்டும் போகவில்லை. கேட்டால், "ரோடே போட்டு முடிஞ்சாச்சு. இனி எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போயி என்னன்னு கேக்கறது?" என்பார். தான் போட்ட அந்த ரோட்டில், வேலை முடிந்த பிறகு அவர் இதுவரை ஒரு தரம்கூடப் போனதில்லை, உனக்குத் தெரியுமா?

போன வியாழக்கிழமை நான் போனேன். நீ போன் பண்ணி முந்திக்கொள்வதற்குள் நானே முதலில் சொல்லிவிட வேண்டும் என்று, பத்திரிகை அடிப்பதற்கு முன்பே, உக்கடத்தில் பஸ் ஏறிவிட்டேன். பொள்ளாச்சியில் இறங்கி மினி பஸ் மாறினேன். கண்டக்டர் தோட்டத்துப் பேரைக் கேட்டதும், "அவிங்க சொந்தமுங்களா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "அம்மா, அவிங்களால எங்களுக்குப் போன மாசம் ட்ரிப்பே போச்சுங்க!" என்று ஆரம்பித்தார். ஏதோ புதுக் கம்பெனிக்காரர்கள் இன்டர்நெட்டுக்கோ எதற்கோ கேபிள் பதிக்க வேண்டும் என்று மெஷினைக் கொண்டுவந்து நிறுத்தினார்களாம். உன் மாமன், வீட்டிலிருந்து நாற்காலியைத் தூக்கி வந்து நடு ரோட்டில் போட்டு உட்கார்ந்துவிட்டாராம். "இது எங்க மாப்பிள்ளை போட்ட ரோடுங்க. கேபிளுக்கு அன்னிக்கே ஓரத்துல எடம் விட்டுத்தான் தார் ஊத்தியிருக்காரு. அவரு கல்லு நடறதுக்கு முன்னாடி ஊடு ஊடா வந்து கேக்கற மனுசன். நீங்களும் ஊடு ஊடாப் போய்க் கேட்டுப்போட்டு வாங்க, அப்புறம் தோண்டுங்க" என்றாராம். அவர்கள் அத்தனை வீட்டுக்கும் போய்க் கேட்டுவிட்டு வரும்வரை பஸ் அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்ததாம். கண்டக்டர் சலித்துக்கொள்கிறார், எனக்கோ கண்ணீர் முட்டுகிறது. பஸ்சுக்குள் எப்படி அழுவது? வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன்.

பார், எங்கேயோ அந்தியூர்ப் பக்கம் உன் அப்பா குடித்த மோரெல்லாம் உன் மாமன் காதுக்கு வந்திருக்கிறது. ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லை. மாமனும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உன் அத்தை தண்ணீர் கொண்டுவந்தார். குடித்தேன். மழையைப் பற்றிப் பேசினோம். அப்புறம் கல்யாணச் சேதியைச் சொன்னேன். அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார், முகம் மலர்ந்துதான் இருந்தது. "மாப்ளை எப்ப வருது?" என்று உன்னைத்தான் கேட்டார். "லீவு இல்லீங்கண்ணா, போன்ல..." என்று பாதி சொல்வதற்குள் எழுந்து வெளியே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து இளநீர் சீவிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். எதிரில் உட்கார்ந்தார்.

"போன்ல சொன்னா நான் சரிங்கன்னுதான் சொல்லுவேன் அம்மணி. அன்னிக்கும் அப்படித்தான் சொன்னேன்" என்றார்.

இளநீர் கையில் அப்படியே இருந்தது. கிளம்பும்போது ஸ்டாப் வரைக்கும் கூடவே வந்தார். மேற்கு வரிசை இருந்த இடத்தில்தான் ஸ்டாப். பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார், "மாப்ளைய வரச் சொல்லு. தனியா வரவேண்டாம். கூட்டீட்டு வரவேண்டிய ஆளையும் கூட்டீட்டு வரச் சொல்லு. ரோடுதான் இருக்குதல்ல."

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். நாற்காலியைப் போட்டு உட்கார்ந்த கதையைச் சொன்னபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு வேளை கோபமோ என்று நினைத்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் பட்டுக்கரை வேட்டியை எடுத்து இஸ்திரிக்குக் கொடுத்திருக்கிறார். காபி குடித்துக்கொண்டே, ஏதோ சும்மா கேட்கிற மாதிரி, "மினி பஸ்ல போனா எந்த ஸ்டாப்புல எறங்கோணும்?" என்றார்.

அந்த ரோட்டின் ஒவ்வொரு வளைவையும் நம் சாப்பாட்டு மேஜையில் வரைந்த மனுஷன் கேட்கிற கேள்வியா கண்ணு இது? எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "எனக்குத் தெரியாதுங்க. பையன் வந்து கூட்டீட்டுப் போவான், அவனைக் கேட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டேன்.

சொல்லிவிட்டேன், இனி என்னைக் காப்பாற்ற வேண்டியது நீதான். லீவை எப்படியாவது வாங்கு. கல்யாணத்துக்கு எடுக்கிற லீவில் ஒரு நாள் குறைந்தாலும் பரவாயில்லை. உக்கடத்தில் அப்பாவுக்கு ஜன்னலோரத்தில் இடம் பிடி. ரோடு எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு வரட்டும்.

வருகிறேன் என்று சொல்ல மட்டும் போன் பண்ணு. அதைப் போனில் சொல்லலாம்.

உன் அம்மா